ஏ ஒன்

ராயபுரம் கல்மண்டபத்தில் வளர்ந்தவன் காதில் 'ஏ ஒன்' விழாத நாள் கிடையாது. மீன் ஏ ஒன், தையல்காரர் ஏ ஒன், பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளையும் ஏ ஒன். 'முதல் தரம்' என்று சொல்லலாம்தான். ஆனால் அதில் இரண்டாம் தரத்தையும் மூன்றாம் தரத்தையும் பார்த்துவிட்டு வந்த தோரணை இருக்கிறது. ஏ ஒன் என்றால் யோசிக்காதே, நேரே அங்கே போ என்று அர்த்தம்.

வார்த்தை பிறந்ததோ யோசித்துக்கொண்டே இருந்தவர்களிடம். லண்டனில் எட்வர்ட் லாயிட் பெயரிலிருந்த காப்பிக் கடையில் கூடிய வியாபாரிகள், கப்பல்களைச் சோதித்துத் தரம் பிரிக்க 1760இல் ஒரு சங்கம் வைத்தார்கள். கப்பல் மூழ்கினால் இன்ஷூரன்ஸ் பணம் அவர்கள் பையிலிருந்து போகும். ரசனைக்கு அங்கே இடமில்லை. கப்பலின் உடலுக்கு ஓர் எழுத்து, நங்கூரம், வடம் போன்ற சாதனங்களுக்கு ஓர் எண் என்ற முறை 1775 வாக்கில் வந்தது. ஆக, ஏ ஒன் என்பது ஒரு தீர்ப்பல்ல, இரண்டு. உடல் நன்றாயிருந்து நங்கூரம் மோசமாயிருக்கலாம். இன்னொரு விஷயம்: 1834க்குப் பிறகு மரக்கப்பலுக்கு 'ஏ' என்பதையே இத்தனை வருஷத்துக்கு என்று கெடு வைத்துத்தான் கொடுத்தார்கள். இன்றைய எஃகுக் கப்பலின் '100ஏ1'ஐயும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை முழுசாகச் சோதித்துத்தான் புதுப்பிக்கிறார்கள்.

நாம் எழுத்தையும் எண்ணையும் ஒட்டி எடுத்துக்கொண்டோம். கெடுவைக் கடலிலேயே விட்டுவிட்டோம்.

எங்கள் வீட்டுக்கு மீன் ஒரே ஆயாவிடம்தான். அம்மா காலத்திலிருந்து. செவுளைத் தூக்கிப் பார்ப்பது அவளை அவமதிப்பது என்றே நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கராவைக் கூடையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்கு வாணாம் தம்பி. ஐஸ்ல கெடந்தது. ஏ ஒன் இல்ல. அந்தாண்ட போய் வாங்கிக்க." பக்கத்துக் கூடைக்காரிக்கும் இவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பது மார்க்கெட்டுக்கே தெரியும்.

எனக்கு அன்று மீன் ருசிக்கவில்லை. காரணம் மீனல்ல.

பத்து வருஷங்களாக, புதுக்கவிதையில் யாரைப் படிக்கலாம் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் ஒரே பெயரைச் சொல்லிவருகிறேன். கட்டுரைகளிலும் எழுதியிருக்கிறேன். மற்றவர்களை அவரை வைத்தே அளந்திருக்கிறேன், சிலரை அநியாயமாகக்கூட. அன்று சாயங்காலம் அவர் தொகுப்பை எடுத்து உட்கார்ந்தேன். கடைசியாக அதை முழுக்கப் படித்தபோது எனக்கு வங்கியில் வேலை கிடைத்திருக்கவில்லை. பாதிக் கவிதைகள் அப்படியே நிற்கின்றன. மீதியில் படிமம் இருக்கிறது, கீழே பிடிமானம் இல்லை. எங்கே வேண்டுமானாலும் நகர்ந்துபோகும். உடலுக்கு ஏ கொடுக்கலாம். நங்கூரத்துக்கு ஒன்று கொடுக்க முடியவில்லை. எந்தெந்தக் கவிதைகள் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்தும் வைத்தேன்.

இதை எழுத வேண்டும் என்று முடிவு செய்து நாலு மாதம் ஆகிறது. நடுவில் அவரை ஒரு கூட்டத்தில் பார்த்தேன். தோளில் கை போட்டுக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம் என்னைக் காட்டி, "நம்ம ஆள், ஏ ஒன் விமர்சகர்" என்றார்.

போன வாரம் கவுண்டரில் டிராஃப்ட் எடுக்க வந்த ஒரு பையன், நான் எழுதுகிறவன் என்று யாரோ சொல்லக் கேட்டு, யாரை முதலில் படிக்கலாம் சார் என்றான். பின்னால் வரிசை நின்றது. அதே பெயரைத்தான் சொன்னேன்.