எடை பார்ப்பது எத்தனை நாளைக்கு ஒரு முறை?

உடல் எடை ஒரே நாளுக்குள் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது இயல்பு. அதில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல, தண்ணீர். ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பிட்ட விருந்தின் உப்பு உடலில் நீரைத் தேக்கும். ஈரலிலும் தசையிலும் சேரும் மாவுச்சத்துச் சேமிப்பான கிளைக்கோஜன், கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோற்றைக் குறைத்த முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவதும், ஒரு நாள் வயிறாரச் சாப்பிட்டதும் திரும்ப ஏறுவதும் இதனால்தான். மாதவிலக்கை ஒட்டிய நாட்களிலும் பல பெண்களுக்கு எடை கூடும். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஒரே இரவில் அவ்வளவு சேர வழியே இல்லை.

ஆகவே தினமும் பார்ப்பவர் அன்றைய எண்ணை விட்டுவிட்டு ஏழு நாள் சராசரியைக் கவனிக்க வேண்டும். அந்தக் கணக்கு ஒத்துவராதவருக்கு வாரம் ஒரு முறை தாராளமாகப் போதும். காலையில், கழிவறை சென்று வந்தபின், வெறும் வயிற்றில், அதே கருவியில் பார்ப்பதே முறை. அமெரிக்காவின் தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு 1994-இல் தொடங்கியது. குறைத்த எடையைக் காத்துவரும் அதன் உறுப்பினர்களில் சுமார் நான்கில் மூவர் வாரம் ஒரு முறையாவது எடை பார்ப்பவர்கள்.

எண்ணைக் கண்டு மனம் நொந்து பட்டினி கிடப்பவருக்கு எடைக்கருவியே வேண்டாம். இடுப்புச் சுற்றளவு போதும். இதயச் செயலிழப்பு நோயாளிகளின் கணக்கு முற்றிலும் வேறு. அவர்கள் தினமும் பார்க்க வேண்டும். சில நாட்களிலேயே இரண்டு கிலோ ஏறினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.