ரிச்சி ஸ்ட்ரீட்டில் அப்பாவுக்கு ஒரு ஹெட்போன்

சனிக்கிழமை காலை பத்தரை மணி. அம்பத்தூர் பக்கமிருந்து வந்த மின்சார ரயில் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸில் நிற்கிறது. இறங்கும் கூட்டத்தில் ஓர் அப்பாவும் மகளும். மகளுக்கு வேலை கிடைத்து, முதல் சம்பளம் கைக்கு வந்திருக்கிறது. அம்மாவுக்குப் புடவை போன வாரமே எடுத்தாயிற்று. "எனக்கு எதுக்கும்மா, இருக்கறதே போதும்" என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்த அப்பாவை, "பாட்டு கேட்க ஹெட்போன் வாங்கலாம்ப்பா" என்று சொன்ன பிறகுதான் வீட்டை விட்டுக் கிளப்ப முடிந்தது.

அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். தகடு அடிக்கும் மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்ற உடம்பு. ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம், ராத்திரி மொட்டை மாடியில் செல்போனில் இளையராஜா கேட்பது. ஆனால் சத்தம் நாலு வீடு தள்ளிக் கேட்கும். போன மாதம் பக்கத்து வீட்டு அம்மா வந்து, "பையன் பிளஸ் டூ படிக்கிறான் அண்ணே, கொஞ்சம் குறைச்சு வெச்சுக்கோங்களேன்" என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு மாடியில் பாட்டு நின்றுவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாப்பிட்டவுடன் படுக்கப் போகிற அப்பாவைப் பார்க்க மகளுக்குத்தான் பொறுக்கவில்லை.

பட்ஜெட் இரண்டாயிரம் ரூபாய். ஆன்லைனில் ஒரே தட்டில் வாங்கிவிடலாம்தான். ஆனால் காதில் மாட்டிப் பார்க்க முடியாதே!

சால்டரிங் வாசமும் சமோசா வாசமும்

சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், அரசினர் தோட்டம். வெளியே வந்து அண்ணா சாலையோரம் கொஞ்ச தூரம் நடந்தால் ரிச்சி ஸ்ட்ரீட் வட்டாரம் வந்துவிடும். ரிச்சி ஸ்ட்ரீட் என்பது பேருக்குத்தான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் ரோடு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றியுள்ள தெருக்களும் சேர்ந்ததுதான் இந்தச் சந்தை. ஒரு பக்கம் கேசினோ தியேட்டர். மீரான் சாகிப் தெரு, சினிமா விநியோகஸ்தர்களின் அலுவலகங்களுக்குப் பேர் போனது. படமும் பாட்டும் மின்சாதனமும் இங்கே அக்கம்பக்கத்துக்காரர்கள்.

ரேடியோ உதிரி பாகத்தில் ஆரம்பித்து டி.வி., கம்ப்யூட்டர், சிசிடிவி, செல்போன் என்று காலத்தோடு சரக்கு மாறிக்கொண்டே வந்த தெரு இது. அதற்காகப் பழையது ஒழிந்துவிடவில்லை. கண்ணாடிக் கடை வாசலிலேயே குடைக்குக் கீழே ஒரு பெரியவர் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் டப்பா டப்பாவாக வைத்து விற்கிறார். ஒரு பக்கம் சால்டரிங் வாசம், இன்னொரு பக்கம் சமோசா வாசம். அட்டைப்பெட்டி சுமந்து வருபவர் "ஓரம், ஓரம்" என்கிறார். பைக் ஹாரன், பேரம், கடை ஸ்பீக்கரில் புதுப் பாட்டு. அப்பாவின் முகத்தில் ஒரு சிரிப்பு. இந்த இரைச்சல் அவருக்குப் பழகிய இரைச்சல்.

"வாங்க சார், என்ன பாக்கறீங்க? லேப்டாப்பா, கேமராவா?"

"ஹெட்போன்."

அடுத்த நொடி கையில் ஒரு பளபள பெட்டி. 'எக்ஸ்ட்ரா பாஸ்', '50 எம்.எம்.' என்று பெரிய எழுத்து. எங்கோ பார்த்த பிராண்ட் மாதிரியே பேர், ஓர் எழுத்து மட்டும் வித்தியாசம். எம்.ஆர்.பி. 4,999. சொன்ன விலை 1,800. அப்பா நகரப் பார்த்ததும் 1,200. இரண்டடி எடுத்து வைத்ததும் 750.

"நாலாயிரத்துச் சொச்சம் எப்படிம்மா எழுநூத்தம்பதுக்கு இறங்கும்?" என்கிறார் அப்பா. தொழிற்சாலையில் உருப்படியைக் கையில் எடுத்துப் பார்த்தே தரம் சொன்னவர். பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

பெட்டியில் போட்டிருக்கும் அந்த மில்லிமீட்டர், உள்ளே அதிர்கிற டிரைவரின் அகலம். அகலம் கூடினால் தரம் கூடும் என்று அர்த்தமில்லை. பெரிய தவில் எல்லாம் நல்ல தவில் ஆகிவிடுமா என்ன?

மூன்று கேள்விகள்

இரண்டாவது கடை, ஆள் ஒதுங்கித்தான் ஏற முடிகிற மாடிப்படிக்கு மேலே. சுவரில் ஆணி அடித்து ஏழெட்டு ஹெட்போன்கள், மாட்டிக் கேட்டுப் பார்ப்பதற்காகவே. கல்லாவில் நரைத்த தலையோடு ஒருவர். எதையும் எடுத்து நீட்டாமல் முதலில் மூன்று கேள்வி கேட்கிறார்.

"யாருக்கும்மா? எங்க உட்கார்ந்து கேப்பாரு? எந்த போன்?"

அப்பாவுக்கு, மொட்டை மாடியில், அப்பாவின் போனில் பழையபடி வட்ட ஓட்டை இருக்கிறது. இந்த மூன்று பதிலிலேயே பாதிக் கடை கழிந்துவிடுகிறது.

காதுக்குள் சொருகும் ரகம், வெளிச் சத்தத்தை நன்றாக அடைக்கும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு நல்லது. ஆனால் அப்பாவுக்குக் காதுக்குள் எதை வைத்தாலும் அரிப்பு. காதின் மேல் உட்காரும் சின்ன மெத்தை ரகம் லேசானது, ஆனால் அரை மணி நேரத்தில் காது மடலை அழுத்தும். காதை முழுதாகச் சுற்றி மூடும் பெரிய ரகம் வலிக்காது, கொஞ்சம் வியர்க்கும். ராத்திரி மாடிக் காற்றில் அது ஒரு குறையே இல்லை.

"ப்ளூடூத் வேணாமா அங்கிள்?" என்கிறாள் மகள்.

"நடந்துக்கிட்டே கேக்கறவங்களுக்கு ப்ளூடூத்தான் வசதிம்மா. ஒரே இடத்துல உட்கார்ந்து கேக்கறவருக்கு ஒயர் போதும். அதே காசுக்கு ஒயர்ல சத்தம் சுத்தமா கிடைக்கும். ப்ளூடூத்னா பேட்டரிக்கும் உள்ள இருக்கிற சர்க்யூட்டுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கறீங்க. பேட்டரி நாளாக நாளாகத் தேயும். ஒயர் போனா ஒயரை மட்டும் மாத்திக்கலாம். கழட்டி மாட்டற ஒயரா பாத்து வாங்குங்க."

வெளி இரைச்சலைக் குறைக்கும் 'நாய்ஸ் கேன்சலிங்' வேண்டுமா என்ற கேள்விக்கும் அவரிடம் பதில் இருக்கிறது. ரயில் ஓட்டம், ஃபேன், ஏ.சி. மாதிரி ஒரே சீராக வரும் கனத்த சத்தத்தைத்தான் அது நன்றாகக் குறைக்கும். குக்கர் விசிலையும் பக்கத்து ஆள் பேச்சையும் அவ்வளவாகத் தடுக்காது. தினம் ரயிலில் போய்வருகிற மகளுக்கு வேண்டுமானால் உதவும். மாடியில் உட்காரும் அப்பாவுக்கு அது வீண் செலவு.

பெட்டியில் பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு. அது ஓம். 16 அல்லது 32 ஓம் என்றிருந்தால் செல்போன் தாராளமாக ஓட்டும். ஸ்டூடியோக்களில் இருக்கும் 250, 300 ஓம் ரகங்களைச் செல்போனில் மாட்டினால் பெரும்பாலும் ஈனஸ்வரத்தில்தான் பாடும். தனியாக ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

சமையலறையில் பிறந்த சாதனம்

அப்பாவுக்கு ஒரு பழைய ஞாபகம். சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா இடுப்பில் வாக்மேனோடு கல்யாண வீட்டில் நடந்த நடை! ஒவ்வொருவராக வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு நிமிஷம் கேட்டார்களாம். சோனியின் முதல் வாக்மேன் வந்தது 1979-ல். ஹெட்போன் அதற்கும் வெகு முன்பே உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை 1910-ல் அமெரிக்கக் கடற்படை வாங்கியது. அது சங்கேதச் செய்தி கேட்க. பாட்டு கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போனை ஜான் கோஸ் கொண்டுவந்தது 1958-ல். அன்று வரிசையில் நின்று கேட்டது, இன்று ஆணியில் தொங்குகிறது.

தெரிந்த பாட்டுதான் தராசு

"கடையில போடற பாட்டை வெச்சு முடிவு பண்ணாதீங்க. உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போடுங்க" என்கிறார் கடைக்காரர்.

அப்பா தன் போனை எடுக்கிறார். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் எஸ்.பி.பி. பாடிய நிலாப் பாட்டு. கிட்டாரில் தொடங்குகிறது. கண்ணை மூடிக்கொள்கிறார்.

முதல் ஹெட்போனில் கிட்டாருக்கு மேல் பாஸ் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. குரல் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. இரண்டாவதில் குரல் தெளிவு, ஆனால் 'ஸ' எழுத்தெல்லாம் காதைக் குத்துகிறது என்கிறாள் மகள். மூன்றாவதில் கிட்டாரின் தந்தியை விரல் சுண்டுவதும் தெரிகிறது, அதற்குக் கீழே பாஸ் கிட்டார் தனியாக நடப்பதும் தெரிகிறது.

"முதல் செட்டுதான் நல்லா இருந்துச்சு. கணீர்னு இருந்துச்சு" என்கிறார் அப்பா.

கடைக்காரர் சிரிக்கிறார். "அது சத்தம் ஜாஸ்தி அண்ணே, அதான். எது சத்தமா கேக்குதோ அதுதான் நல்லா இருக்கற மாதிரி காது ஏமாறும். மூணையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்துட்டு மறுபடி கேளுங்க."

கேட்டதும் அப்பாவின் விரல் மூன்றாவதைக் காட்டுகிறது.

இன்னொரு பாட்டு. இடையிசையில் சன்னமாக ஒரு சலங்கை. "இந்தச் சலங்கை எவ்வளவு சுத்தமா கேக்குதுப்பா!" என்று மகள் அப்பாவின் தலையில் மாட்டிவிடுகிறாள்.

"எந்தச் சலங்கை?"

"இப்ப வருதேப்பா... இதோ."

அப்பா கூர்ந்து கேட்கிறார். சத்தத்தை ஏற்றுகிறார். இன்னும் ஏற்றுகிறார். "புல்லாங்குழல் கேக்குது. சலங்கை இல்லியேம்மா."

மகள் கடைக்காரரைப் பார்க்கிறாள். அவர் அப்பாவிடம் மெதுவாகக் கேட்கிறார். "அண்ணே, என்ன வேலை பாத்தீங்க?"

பிரஸ் ஷாப் என்றதும் தலையசைக்கிறார். "டி.வி.யில பேசறது கேக்குது, ஆனா என்ன பேசறாங்கன்னு சரியா புரியலைன்னு இருக்கா?"

"ஆமா" என்கிறார் அப்பா. வீட்டில் இதுவரை அவர் யாரிடமும் சொல்லாத 'ஆமா'.

இரைச்சலில் பல வருஷம் நின்ற காதுக்கு முதலில் மங்குவது கனத்த சத்தமல்ல, உச்ச ஒலி. பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தொடங்கும். தவில் கேட்கும், சலங்கை கேட்காது. குரல் கேட்கும், 'ச', 'ஸ' நழுவும். உடனே கை சத்தத்தை ஏற்றப் பார்க்கும். ஏற்ற ஏற்ற மிச்சம் இருப்பதும் தேயும். இப்படிப் போன கேட்கும் திறன் திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்ற முடியும்.

"ஹெட்போன் காது மெஷின் ஆகாதும்மா" என்கிறார் கடைக்காரர். "இதை நான் இன்னிக்கு விக்கறேன். ஆனா அப்பாவுக்குக் காதை ஒருதடவை டெஸ்ட் பண்ணிடுங்க."

பில்லும் டீயும்

மூன்றாவது ஹெட்போன் 1,650 ரூபாய். பேரத்தில் நூறு குறைகிறது. மெத்தை கிழிந்தால் மாற்றக் கிடைக்குமா, வாரன்டி யார் தருவது என்று மகள் கேட்டுக்கொள்கிறாள். ஜி.எஸ்.டி. பில்லும் வாங்கிக்கொள்கிறாள். பில் இல்லாமல் நூறு, இருநூறு மிச்சம் பிடிப்பது இந்தத் தெருவில் சுலபம். ஆனால் பழுதாகி வந்து நின்றால் பேச அந்தக் காகிதம்தான் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தாலும் அதைத்தான் கேட்பார்கள். ப்ளூடூத் ரகம் வாங்குகிறவர்கள், பெட்டியில் பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' எழுத்தோடு வரும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

கீழே டீக்கடையில் அப்பா டீயை ஆற்றுகிறார். மகள் அவர் போனை வாங்கி, சத்தம் பாதியைக் கொஞ்சம் தாண்டியதும் நிற்கிற மாதிரி வரம்பு வைக்கிறாள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதி. 83-ல் 20 மணி, 86-ல் 10 மணி. குழந்தைகளுக்கு வரம்பு இன்னும் கீழே, 75 டெசிபல். அதிகபட்ச சத்தத்தில் 60 சதவிகிதத்தைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது எல்லா வயதுக்கும் எளிய வழி.

"இனிமே பக்கத்து வீட்டுப் பையன் படிக்கலாம்" என்கிறார் அப்பா.

"அதுக்கு மட்டும் இல்லப்பா."

"தெரியுதும்மா."

சென்ட்ரலில் மெட்ரோவை விட்டு மேலே வந்தால் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. முப்பது வருஷமாக ரயிலேறிப் போய்வந்த வழிதான். அப்பா இன்றுதான் நின்று அந்தக் கட்டடத்தைப் பார்க்கிறார். காது, மூக்கு, தொண்டைப் பிரிவு அங்கே இருக்கிறது. மத்தியானம் ஆகிவிட்டது, புறநோயாளிகள் நேரம் காலையில்தான்.

"திங்கட்கிழமை காலையில வரலாமா?" என்று கேட்கிறார்.

"நான் லீவு சொல்லிடறேன்ப்பா."

அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு மொட்டை மாடி விளக்கு மறுபடி எரிகிறது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறது. உள்ளே ஒரு பையன் படித்துக்கொண்டிருக்கிறான். அப்பா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறார். சத்தம் பாதியில் நிற்கிறது. தொடை மேல் விரல் மட்டும் தாளம் போடுகிறது.