அத்தை வீட்டு மாடி ரூம்

லீவுக்கு ஏற்காடு, ஊட்டினு கேங்கா கிளம்பும்போது ஆப்ல ரூம் புக் பண்ணியிருக்கீங்களா பாஸ்? பில்லைப் பார்த்து, 'வீட்டுக்காரங்க செமையா தீட்டுறாங்கடா'னு கடுப்பாகியிருப்பீங்க. நானும் அப்படித்தான். ஏற்காட்டுல எங்க அத்தையோட மாடி ரூமை நானே ஒரு ஆப்ல ஏத்திவிடுற வரைக்கும்!

ஒரு ராத்திரிக்கு 2,000 ரூபாய். ஆப்புக்கு கமிஷன் 15 சதவீதம், அதாவது 300. அந்த 300-க்கு ஜி.எஸ்.டி. 54. மிச்சம் 1,646. அதுலதான் சலவை, ஹீட்டர் கரன்ட், காலை காபி எல்லாம். "ஏன் கண்ணு, கக்கூஸ் கழுவுறது நானு. அவனுக்கு எதுக்கு 354?"னு அத்தை கேட்டப்ப, தேர்ட் இயர் இன்ஜினீயரிங் மூளைக்கு பதில் தெரியலை.

'ஆப்பே வேணாம்'னு ஹீரோ ஆனேன். போன்லயே நேரடி புக்கிங். பொங்கல் லீவுக்கு நாலு நாள் கேட்ட ஒரு குரூப், வர வேண்டிய அன்னிக்குக் காலையில 'வரலை ப்ரோ'னு மெசேஜ் தட்டிட்டு எஸ்கேப். அட்வான்ஸும் வாங்கலை. 8,000 ரூபாய் காலி! அத்தை திட்டவே இல்லை. அவங்களுக்குனு வாங்கிவெச்ச பாலை எடுத்து தயிருக்கு உறை ஊத்தினாங்க. அதுதான் ரொம்ப வலிச்சது.

ஸோ, கமிஷன் சும்மா இல்லை. முன்பணம், கேன்சல் பண்ணினா பிடித்தம், முகம் தெரியாத ஆளைக் கூட்டிட்டு வர்ற விளம்பரம்... எல்லாம் அதுல இருக்கு. ஆனா, இருபது ஃப்ளாட்டை ஆள் வெச்சு நடத்துறவருக்கும், தான் குடியிருக்கிற வீட்டுல ஒத்தை ரூமை விடுற அத்தைக்கும் ஒரே ரேட்டா?

இந்த பிசினஸ் ஆரம்பிச்சதே அத்தை மாதிரி ஆளுங்களாலதான். 2007-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வாடகை கட்டக் காசில்லாத பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும், தங்க வீட்டுலயே காத்து மெத்தை விரிச்சு, ராத்திரிக்கு ஆளுக்கு 80 டாலர்னு மூணு பேரைத் தங்கவெச்சாங்க. அதுதான் ஏர்பிஎன்பி. அதே கம்பெனி 2025 அக்டோபர்ல, புக்கிங் சாஃப்ட்வேரோட கணக்கை இணைச்சிருந்த ஹோஸ்ட்டுகளுக்கு, கெஸ்ட் பங்கையும் சேர்த்து அவங்ககிட்டயே 15.5 சதவீதம் பிடிக்கிற முறையைக் கொண்டுவந்துச்சு. 2007-ல யாராவது அவங்ககிட்ட இப்படிப் பிடிச்சிருந்தா, 240 டாலர்ல 37 டாலர் போயிருக்கும். சும்மா விட்டிருப்பாங்களா?

சொந்த வீட்டு ஒத்தை ரூமுக்கு 5 சதவீதம் போதும்ங்கிறது என் கட்சி.

அத்தை ரூம் மறுபடி ஆப்ல இருக்கு. நஷ்டத்தை ஈடுகட்ட ரேட்டை 2,400 ஆக்கிட்டேன். போன மாசம் ரெண்டே புக்கிங். அடுத்த லீவுக்கு ஏற்காட்டுல ரூம் தேடும்போது 'யார்டா இவன், மாடி ரூமுக்கு 2,400 கேட்கிறான்'னு திட்டுவீங்கல்ல... அது நான்தான்.