செஞ்சியில் ஒரு செகண்ட் ஹேண்ட் ஃபோர் வீல் டிரைவ்

"என்ன டாக்டர், ஊரே எலக்ட்ரிக் கார் பக்கம் போகுது. நீங்க போய் பழைய பெட்ரோல் ஃபோர் வீல் டிரைவ் வாங்கி இருக்கீங்க?"

கிளினிக்குக்கு வருபவர்களில் பாதிப் பேர் சுகரையும் பிரஷரையும் விட்டுவிட்டு இதைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான இழை. பழைய கார் வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் சேமித்து வைத்துக் கொள்ளுங்கள்.

1) முதலில், ஏன் ஃபோர் வீல் டிரைவ்?

அம்மா இருப்பது செஞ்சிக்குத் தெற்கே ஒரு கிராமம். தார் ரோடு முடிந்த பிறகு ஒன்றரை கிலோமீட்டர் ஏரிக்கரை மண்பாதை. அதற்கு முன் ஓடையைக் கடக்க ஒரு தரைப்பாலம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது ஞாபகம் இருக்கும். நம்ம மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை. சங்கராபரணி, தென்பெண்ணை இரண்டுமே கரை புரண்டன. தண்ணீர் வடிந்த பிறகும் எங்கள் ஏரிக்கரை பல நாள் வெறும் சேறு. எங்கள் சின்னக் கார் அதில் பத்தடி கூடப் போகவில்லை. அம்மாவின் பிரஷர் மாத்திரையை டிராக்டரில் ஏறித்தான் கொண்டு போய்க் கொடுத்தேன்.

அன்றைக்கே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

2) எந்த வண்டி?

என் ஆசை மாருதி ஜிப்ஸி. 1985ல் வந்த வண்டி. முதலில் 970 சிசி, 1996ல் 1300 சிசி 'கிங்', 2000ல் எம்பிஎஃப்ஐ. ராணுவமும் போலீசும் ஓட்டித் தேய்த்த வண்டி. எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார்.

மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏங்க, பின்னாடி பசங்க எப்படி உக்காருவாங்க?"

பின்னால் பக்கவாட்டில் போட்ட பெஞ்ச் சீட். ஏர்பேக் கிடையாது. அதோடு ஜிப்ஸி பேச்சு முடிந்தது.

இது பயந்த சுபாவம் இல்லை, கணக்கு. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகிற கார் மோதி, முக்கால் மீட்டருக்குள் நின்றால் உள்ளே இருக்கும் உடம்பின் மேல் சராசரியாக அதன் எடையைப்போல 13 மடங்கு விசை வரும். 10 கிலோ குழந்தையைப் பிடிக்க 130 கிலோ தூக்கும் கை வேண்டும். மடியில் உட்கார வைத்து "நான் கெட்டியா புடிச்சுக்கிறேன்" என்பதெல்லாம் நடக்காத காரியம். 14 வயதுக்குள் இருப்பவர்களுக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ கட்டாயம், மீறினால் 1000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவே சொல்கிறது.

அடுத்து ஜிப்ஸியின் பேரன் என்று சொல்லத்தக்க ஐந்து கதவு ஜிம்னி. 2023 ஜூனில் வந்தது. 1462 சிசி பெட்ரோல், சுமார் 105 குதிரைத்திறன், ஆறு ஏர்பேக், லேடர் ஃபிரேம், 210 மி.மீ. தரை இடைவெளி. நான்கே பேர்தான் உட்காரலாம். நாங்கள் நான்கே பேர். புதுசு ஷோரூம் விலை அறிமுகத்தின்போது 12.74 லட்சத்தில் தொடங்கியது. பழையதாக எடுத்தால் மூன்று நான்கு லட்சம் மிச்சமாகும். சரி, தேடலாம்.

3) முதல் வண்டி: பார்த்தோம், விட்டோம்

பளபளவென்று இருந்தது. 14,000 கி.மீ.தான் ஓட்டம். விலையும் குறைவு. உள்ளே ஏறினால் ஊதுபத்திக் கடை போல வாசனை.

என்னுடன் வந்த மெக்கானிக் அண்ணன் எஞ்சின் பக்கமே போகவில்லை. பின் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தார். பெல்ட்டின் கடைசி ஒரு முழத்தில் பழுப்பாக ஒரு கோடு. சீட் அடியில் போல்ட் எல்லாம் துரு.

"தண்ணி குடிச்ச வண்டி சார் இது. வா போலாம்."

புயலில் மூழ்கிய கார்கள் எங்கேயும் மாயமாகிவிடுவதில்லை. துடைத்து, பாலிஷ் போட்டு, சில மாதம் கழித்துச் சந்தைக்கு வரும். சீட்டைத் துவைக்கலாம், மேட்டை மாற்றலாம். சுருண்டு உள்ளே போகும் பெல்ட்டின் நுனியையும் கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் வயர் கனெக்டர்களையும் யாரும் துடைப்பதில்லை. கனெக்டரில் பச்சை பூத்தால் இன்றைக்கு ஓடும் வண்டி இன்னும் ஆறு மாதத்தில் ஏர்பேக் விளக்கை எரியவிடும். விபத்து நேரத்தில் அந்த ஏர்பேக் விரியுமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

4) வண்டிக்கும் நோயாளிக்கும் ஒரே பரிசோதனை

எங்களுக்கு மருத்துவக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்த வரிசை இதுதான். வரலாறு கேள், பார், தொடு, தட்டு, கேள்.

வரலாறு: சர்வீஸ் புத்தகம், இன்சூரன்ஸ் க்ளெய்ம், எத்தனையாவது ஓனர், பேங்க் கடன், இ-சலான் பாக்கி.

பார்: கதவு இடுக்குகள் இரண்டு பக்கமும் ஒரே அளவா, கண்ணாடிகளில் ஒரே வருடக் குறியீடா, விளக்குக்குள் நீராவி படிந்திருக்கிறதா.

தொடு: ஆயில் மூடியின் அடிப்பக்கம். டிஃபரென்ஷியல் ஆயில் பால் விட்ட காபி போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

தட்டு: பட்டி பார்த்த தகரம் தட்டினால் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் முறையை 1761ல் எழுதி வைத்த ஆவென்பிரக்கர் என்ற ஆஸ்திரிய டாக்டர் ஒரு விடுதிக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டிச் சரக்கு எவ்வளவு என்று கண்டுபிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர் என்பார்கள். நம்ம பட்டி பார்க்கும் மேஸ்திரிகளும் அதே பள்ளிதான்.

கேள்: காலையில் குளிர்ந்த எஞ்சினில்தான் கேட்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் "நாளைக்கு வர்றேங்க" என்று வந்துவிடுங்கள். மெக்கானிக் அண்ணன் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்டார். நான் கழுத்தில் மாட்டியிருப்பதும் அதன் அண்ணன்தான்.

இரண்டாவது பார்த்த ஜிம்னி இதில் எல்லாம் தேறியது. 2023 மாடல், மேனுவல் கியர், ஒரே ஓனர், 31,000 கி.மீ. ஒன்பது லட்சத்துச் சொச்சத்துக்கு முடிந்தது.

5) காகிதம்

படிவம் 29, 30 இரண்டும் பெயர் மாற்றத்துக்கு. பேங்க் கடன் இருந்து அடைத்திருந்தால் படிவம் 35. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். நோ க்ளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, அது பழைய ஓனருடையது. விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெயர் மாறும் வரை ஆர்.சி.யில் இருப்பது நீங்கள்தான். அந்த வண்டி யாரையாவது இடித்தால் சம்மன் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

6) டியூனிங்

இங்கேதான் நிறையப் பேர் ஆர்வமாகக் கேட்கிறார்கள். "ரீமேப் பண்ணீங்களா டாக்டர்? சைலன்சர் மாத்தினீங்களா?"

இல்லை. நான் செய்தது எல்லாமே வண்டியைக் கம்பெனி சொன்ன நிலைக்குத் திரும்பக் கொண்டு வந்ததுதான்.

டயர்: பழைய ஓனர் அழகுக்காக 235/75 ஆர்15 டயர் போட்டிருந்தார். கம்பெனி டயர் 195/80 ஆர்15. கணக்குப் போட்டால் பெரிய டயரின் விட்டம் சுமார் 6 சதவீதம் அதிகம். அதாவது மீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 85ல் போகிறது. ஓடோமீட்டரும் 6 சதவீதம் குறைத்தே எண்ணும். கனமான டயரை உருட்டவும் நிறுத்தவும் கூடுதல் வேலை. நான்கையும், ஸ்டெப்னியையும் சேர்த்து, பழைய அளவுக்கே மாற்றினேன். அலைன்மென்ட், பேலன்சிங் செய்து, டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள காற்றழுத்தத்தையே வைத்தேன்.

ஆயில்: எஞ்சின் ஆயிலை எல்லாரும் மாற்றுவார்கள். ஃபோர் வீல் டிரைவில் இன்னும் நான்கு இடம் உண்டு. கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரென்ஷியல், பின் டிஃபரென்ஷியல். நான்கையும் மாற்றினோம்.

ஸ்கேன்: டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் சின்னக் கருவியைச் சொருகினால் செல்போனிலேயே வண்டியின் ஈ.சி.ஜி. தெரியும். அதில் 'ஃப்யூல் ட்ரிம்' என்று ஒரு எண். நம் கழுத்தில் கரோடிட் பாடி என்ற குட்டி உறுப்பு ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் மூச்சைக் கூட்டச் சொல்கிறது இல்லையா, அதே வேலையைப் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் செய்கிறது. ஆக்சிஜன் மிச்சம் இருந்தால் 'பெட்ரோல் பத்தலை' என்று சொல்லும். கம்ப்யூட்டர் கூட்டிக் கொடுக்கும். இந்தத் திருத்தம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. என் வண்டியில் 3.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20. லிட்டருக்கு எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. எனவே மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான வண்டி என்றால் பெட்ரோல் ஹோஸ், ரப்பர் சீல்களை மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சைலன்சர்: 'ஃப்ரீ ஃப்ளோ' என்ற பெயரில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையே சிலர் கழற்றிவிடுகிறார்கள். கார்பன் மோனாக்சைடை மட்டுப்படுத்தும் உறுப்பு அதுதான். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம், அப்புறம் எழுந்திருப்பதே இல்லை. கன்வெர்ட்டர் இருந்தாலும் சூடான பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே ஷட்டரை மூடிக்கொண்டு காரை ஸ்டார்ட்டில் வைக்கவே வைக்காதீர்கள். ஏ.சி. போட்டுத் தூங்கவும் கூடாது.

சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது 52ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. முன்னால் மாட்டும் இரும்பு புல் பாருக்கு 2017லேயே தடை. மோதலில் நசுங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டிய முன்பகுதியை அது வேலை செய்யவிடாது, எதிரே நடந்து வருபவரையும் அதிகம் காயப்படுத்தும்.

7) நான்கு சக்கரமும் இழுத்தால் என்ன நடக்கும்?

ஜிம்னியில் குட்டி லிவர் ஒன்று உண்டு. 2ஹெச், 4ஹெச், 4எல். சாதாரண ரோட்டில் 2ஹெச், பின் சக்கரம் மட்டும் தள்ளும். சேற்றில் 4ஹெச். வண்டியை நிறுத்தி 4எல் போட்டால் கியர் இன்னும் இரண்டு மடங்கு கீழே இறங்கும், நத்தை வேகத்தில் ஏறும்.

காய்ந்த தார் ரோட்டில் 4ஹெச் போடக் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விட அதிக தூரம் சுற்ற வேண்டும். இந்த வகை வண்டியில் அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. சேற்றில் டயர் வழுக்கிச் சரிசெய்து கொள்ளும், தாரில் முடியாது. முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸில் போய் விழும். நான்கு டயரும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம்.

டெல்லி பாதுஷாவின் முரட்டுக் குதிரையை நம்ம தேசிங்கு ராஜா அடக்கினதாகக் கதைப்பாடல் உண்டு. நமக்கு அந்த வீரமெல்லாம் வேண்டாம். ஓனர் மேனுவலை ஒருமுறை படித்தால் போதும்.

8) இழையிலேயே முக்கியமான பகுதி

நான்கு சக்கர இழுவை சேற்றுக்கு. வெள்ளத்துக்கு இல்லை.

இந்த வண்டி சுமார் 1200 கிலோ. அடித்தளம் தோராயமாக 5 சதுர மீட்டர். தண்ணீர் தரைப்பலகையைத் தொட்ட பிறகு ஒவ்வொரு 10 செ.மீ. உயரத்துக்கும் 500 லிட்டரைத் தள்ளிவிடும், அதாவது 500 கிலோ மேலே தூக்கப்படும். 10 செ.மீ.க்கே எடையில் நாற்பது சதவீதம் போய்விட்டது. இன்னும் 15 செ.மீ. ஏறினால் அது கார் இல்லை, படகு. டயர் தரையைத் தொடாதபோது நான்கு சக்கரம் இழுத்தால் என்ன, நாற்பது சக்கரம் இழுத்தால் என்ன? அதுவும் தடுப்புச்சுவர் இல்லாத தரைப்பாலத்தில் பக்கவாட்டில் ஓடும் தண்ணீர்.

புது வண்டி வந்த கையோடு அம்மாவிடமே சொல்லிவிட்டேன். "தரைப்பாலத்துல தண்ணி ஓடுச்சுன்னா நான் வரமாட்டேம்மா."

"நீ வரவும் வேணாம். மாத்திரைய மட்டும் மழைக்கு முன்னாடியே ரெண்டு மாசத்துக்குக் குடுத்துடு" என்றார்.

அப்படியே செய்தோம். ஐப்பசி பிறக்கும் முன்பே அறுபது நாள் மாத்திரை, ஒரு பி.பி. கருவி, டார்ச், பவர் பேங்க் எல்லாம் அம்மா வீட்டு அலமாரியில். இதற்கு ஆன செலவு வண்டி விலையில் ஒரு சதவீதம் கூட வராது. மழைக்காலத்தில் கிராமத்தில் தனியாக இருக்கும் பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருந்தால், கார் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், இதை இந்த வாரமே செய்யுங்கள். இன்சுலின் போடுபவர்கள் என்றால் கரண்ட் போனால் எங்கே வைப்பது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். மண்பானைக்குள் இன்னொரு சின்னப் பானையில் வைத்து இடையில் ஈர மணல் போட்டால் சில நாள் தாங்கும்.

9) சுருக்கமாக

வண்டியைப் பார்க்கப் போகும்போது உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். அவருக்கு ஒரு நாள் கூலி கொடுங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்.

எத்தனை பெல்ட்டோ அத்தனை பேர். அதற்கு மேல் ஒருவர் வந்தால் பஸ் இருக்கிறது.

டயரும் ஆயிலும் அலைன்மென்டும்தான் முதல் டியூனிங்.

ஓடும் தண்ணீரில் இறங்காதீர்கள்.

வேறு சந்தேகம் இருந்தால் கேளுங்கள், மாலை ஓ.பி. முடிந்த பிறகு பதில் போடுகிறேன். மைலேஜ் எவ்வளவு என்று கேட்கப் போகிறவர்களுக்கு: கம்பெனி சொல்வது 16.94. எனக்குக் கிடைப்பது திருவண்ணாமலை ரோட்டில் 14, செஞ்சி பஸ் ஸ்டாண்டு வழியாகப் போனால் 11.