யாருக்குப் பரிசு?

எங்கள் பள்ளி மலர்க் கண்காட்சிக்குப் பரிசுப் பிரிவுகளைத் தீர்மானிக்கும் பொறுப்பை அருட்சகோதரி பத்தாம் வகுப்பினராகிய எங்களிடம் ஒப்படைத்தார். கோப்பைகள் மூன்றே. "ரோஜா, மல்லிகை, ஆர்க்கிட், ஒவ்வொன்றிலும் அழகான பூவுக்கு ஒன்று" என எழுதி முடித்தோம்.

தோழி ஒருத்தி தயங்கி எழுந்தாள். "நேற்றுக் கடையில் வாங்கிய ஆர்க்கிட்டும், இரண்டு ஆண்டுகள் நான் வளர்த்ததும் ஒன்றா?" என்றாள்.

எங்களுக்குச் சுருக்கென்றது. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ஆர்க்கிட் தோட்டத்தைக் குளிர்ந்த ஏற்காட்டில் அமைத்திருக்கிறது. திருநகரிலோ சுடும் வெயில்! தேங்காய் மட்டையும் கரித்துண்டும் இட்ட தொட்டியை வேப்பமர நிழலில் தொங்கவிட்டு, நாள்தோறும் நீர் தெளித்தவள் அவள். பூத்தது ஒரே கொத்து.

நூலகத்தில் தேடினோம். அமெரிக்க ஆர்க்கிட் சங்கம், 100க்கு 75 மதிப்பெண்ணாவது பெறும் பூவின் தரத்துக்கு விருதளிக்கிறது, அது செடிக்குரியது. சிறந்த வளர்ப்புக்கான விருது தனி, அது வளர்த்தவருக்குரியது.

பட்டியலைத் திருத்தினோம். ரோஜாவையும் ஆர்க்கிட்டையும் ஒரே பிரிவாக்கி, மிஞ்சிய கோப்பையை 'ஓராண்டுக்கு மேல் தன் கையால் வளர்த்த செடி'க்கு ஒதுக்கினோம்.

அதை வென்றவள், பதியன் போட்டு மல்லிகை வளர்த்த ஆறாம் வகுப்புச் சிறுமி! முதலில் கைதட்டியவள் எங்கள் தோழிதான். பூவை மட்டுமா, அதன் பின்னிருக்கும் கையையும் காணக் கற்றோம்.