மயிலாப்பூருக்கு எத்தனை கட்டம்?

எங்கள் மயிலாப்பூர் குடியிருப்பின் மாத இதழுக்குக் குறுக்கெழுத்துப் போட்டி தயாரிப்பது என் பொறுப்பு. விடைச் சொற்களின் நீளத்தை லினக்ஸ் டெர்மினலே எண்ணித் தரட்டும் என்று ஒரு நாள் ‘மயிலாப்பூர்’ என்ற சொல்லை டபிள்யூசி கட்டளையிடம் கொடுத்தேன். பைட்டுகளை எண்ணும் ‘சி’ விருப்பத்தில் 33 என்றது. எழுத்துகளை எண்ணும் ‘எம்’ விருப்பத்தில் 11 என்றது. விரல்விட்டு எண்ணினால் ம, யி, லா, ப், பூ, ர் என்று ஆறுதான்.

எக்கோவை விட்டு பிரிண்ட்எஃப் வழியாகத்தான் சொல்லை அனுப்பியிருந்தேன். அதனால் வரிமுடிவுக் குறி கணக்கில் சேரவில்லை. பிறகு ஏன் இந்த 33, இந்த 11?

டபிள்யூசி, 1971இல் வந்த யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே இருந்த கருவி. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு என்பது அன்றைய கணக்கு. 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் உணவகம் ஒன்றில், சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த தாளில் கென் தாம்ப்சன், ராப் பைக்குடன் அமர்ந்து யூடிஎஃப்-8 முறையை வகுத்தார். அதில் ஆங்கிலத்துக்குப் பழைய ஒரு பைட்டே நீடித்தது. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. பதினொன்றை மூன்றால் பெருக்கினால் 33. ஒரு முடிச்சு அவிழ்ந்தது.

பதினொன்றின் வேரைக் காட்டியது, லினக்ஸ் மேசைத்தளத்தில் உள்ள எழுத்து வரைபடச் செயலி. அதில் தமிழ்ப் பகுதியைத் திறந்தால் க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று இடங்கள் காலி. ச-வுக்கும் ஜ-வுக்கும் நடுவே ஒன்று. தேவநாகரிப் பகுதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த இடங்களில் நம்மிடம் இல்லாத வர்க்க எழுத்துகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இந்திய மொழிகளை ஒரே அச்சில் அடுக்கிய 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தை 1991இல் யூனிகோடு அப்படியே பின்பற்றியதன் தடயம் அது. உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண் தரப்பட்டதும் அந்த வழியில்தான். ஆகவே ‘யி’ இரண்டு, ‘ர்’ இரண்டு.

ஆறு என்ற கணக்குக்காகவும் ஒரு முயற்சி நடந்தது. 2010இல் தமிழக அரசு யூனிகோடுடன் டேஸ்-16 முறையையும் ஏற்றது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொண்ட அம்முறையில் மயிலாப்பூர் சரியாக ஆறு எண்கள்தான். ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால், அதற்கென்றே செய்த எழுத்துரு வேண்டும்.

யூனிகோடிலேயே ஆறை எட்டும் வழி கிரெப் கட்டளையில் கிடைத்தது. சின்ன ஓ, பெரிய பி என்ற இரு விருப்பங்களுடன் பின்சாய்கோடு, பெரிய எக்ஸ் கொடுத்தால், மெய்யும் அதன் குறியும் பிரியாமல் எழுத்துக்கு ஒரு வரியாக விழுகின்றன. வரிகளை டபிள்யூசியின் ‘எல்’ விருப்பத்தால் எண்ணினேன். ஆறு!

பாஷ்ஆர்சி கோப்பில் இதை ‘எழுத்து’ என்ற பெயரில் மாற்றுக் கட்டளையாகச் சேர்த்துவிட்டேன். அடையாறு: நான்கு. தியாகராய நகர்: இடைவெளியும் சேர்ந்து ஒன்பது, இடைவெளியை எடுத்ததும் எட்டு. இந்த மாதக் கட்டத்தில் தியாகராய நகர் இடமிருந்து வலம், மயிலாப்பூர் மேலிருந்து கீழ். இரண்டும் கடைசிக் கட்டத்து ‘ர்’-இல் சந்திக்கின்றன.