பந்தைக் கொடுத்தவன்

கூடைப்பந்தைப் பற்றி ஒரு தோட்டப்பள்ளி ஆசிரியைக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆசிரியர் பயிற்சியில் நான் படித்துத் தேறியது தமிழும் கணக்கும். ஆனால் சிறிய பள்ளியில் விளையாட்டுக்கும் யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டுமே! 2015ஆம் ஆண்டு அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எங்கள் பள்ளி கிள்ளானுக்கு அப்பால், செம்பனைக் காட்டுக்கு நடுவே இருக்கிறது. பூப்பந்து ஆடும் சிமெண்டுத் தளத்தின் ஓரத்தில் தோட்டத்துப் பட்டறைக்காரர் ஓர் இரும்புக் கம்பத்தை நட்டு, வளையம் ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார். முறைப்படி வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். எங்களுடையது ஒரு சாண் குறைவு. பிள்ளைகளுக்கு அதில் மகிழ்ச்சிதான்.

அந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். அம்மா உதிரிப்பழம் பொறுக்குகிறவர். அப்பா டிராக்டர் ஓட்டுகிறவர். வகுப்பிலேயே குள்ளம் அவன்தான். ஆனால் பந்து அவன் கைக்கு வந்துவிட்டால், வளர்த்த நாய்க்குட்டி போல அவனோடுதான் ஓடும்.

பட்டணத்துப் பள்ளி ஒன்றுடன் நட்புமுறை ஆட்டம் வைத்தோம். தோற்றோம். எனக்கு மனம் ஆறவில்லை. அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்:

"பந்து எப்பவும் உன் கையிலதானே இருந்துச்சு? நீ ஏன் போடல?"

"அவன் வளையத்துக்குக் கிட்ட நின்னான் டீச்சர். யாரு போட்டாலும் ரெண்டு பாயிண்டுதானே?"

எதிர்த்துப் பேசுகிறான் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் நிற்கும்போதே சொன்னேன்: "நீ குள்ளம். இது உயரமானவங்க ஆடற ஆட்டம். உனக்கு இது சரிப்படாது."

அடுத்த ஆட்டத்தில் அவனை உட்கார வைத்துவிட்டு, நெட்டையான ஒருவனை இறக்கினேன். அந்த ஆட்டத்திலும் தோற்றோம். முன்னைவிட மோசமாகவே தோற்றோம். ஆண்டு முடிந்தது. பையன் புகுமுக வகுப்புக்குப் பட்டணம் போய்விட்டான். நானும் மறந்துவிட்டேன்.

2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில், துறைமுகத்தில் வேலை செய்யும் என் தம்பி, "அக்கா, கோலாலம்பூர்ல கூடைப்பந்து பார்க்க வர்றியா?" என்று அழைத்தான். எங்கள் கிள்ளான் துறைமுகத்து வெஸ்ட்போர்ட்ஸ் நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய குழு அது. வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ். 2009இல் தொடங்கிய ஆசியான் கூடைப்பந்து லீக்கில் ஆடிவந்தது. சத்தியசீலன் குப்புசாமி, குகனேஸ்வரன் பத்துமலை என்று நம்மவர் பெயர்களும் அந்தக் குழுவின் வரலாற்றில் உண்டு. தம்பி இதைச் சொன்ன பிறகுதான் எனக்குப் போகவே ஆசை வந்தது.

கிள்ளானில் கம்யூட்டர் ரயில் ஏறினோம். பிரிக்பீல்ட்ஸில் இறங்கி வாழையிலைச் சாப்பாடு. பிறகு மோனோரயில் பிடித்து, மகாராஜாலேலா நிலையத்திலிருந்து நடந்து மாபா அரங்கத்தை அடைந்தோம். பழைய மெர்டேக்கா அரங்கத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆட்டக்காரர்கள் வந்தபோது எனக்குக் கழுத்து வலித்தது. வாசல் நிலையில் குனிந்து வரவேண்டிய உயரம்! அவர்களுக்கு நடுவே, ஆறடிக்குச் சற்றுக் குறைவான ஒருவர். பெயர் ஜேசன் பிரிக்மேன் என்றான் தம்பி. 'பாயிண்ட் கார்ட்' என்பது அவருடைய இடம். பந்தை முன்னே கொண்டு போவதும், யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்வதும் அவர் வேலை. எட்டு வினாடிக்குள் பந்து தன் பாதியைத் தாண்ட வேண்டும். இருபத்து நான்கு வினாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். அதற்குள் அத்தனை யோசனையும் முடிந்துவிட வேண்டும்.

நம் கல்யாண வீடுகளில் நன்றாகப் பந்தி பரிமாறுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். கை ஓர் இலையில் இருக்கும்; கண் நான்காவது இலையில் சோறு தீர்ந்ததைப் பார்த்துவிடும். அவருடைய ஆட்டம் அப்படித்தான் இருந்தது. இடப்பக்கம் பார்ப்பார், பந்து வலப்பக்கம் போயிருக்கும். அங்கே ஒருவர் தனியாக நிற்பார், வாங்குவார், போடுவார். கூட்டம் போட்டவர் பெயரைச் சொல்லிக் கத்தும். இவர் அதற்குள் திரும்பித் தன் இடத்துக்கு ஓடிக்கொண்டிருப்பார்.

பாதி ஆட்டத்தில் எனக்கு அந்தப் பையனின் குரல் கேட்டது. "யாரு போட்டாலும் ரெண்டு பாயிண்டுதானே?" அதற்குப் பிறகு ஆட்டத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து இந்த மனிதரைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோவில் 1991இல் பிறந்தவர். தாய் பிலிப்பினோ. நியூயார்க்கில், புரூக்ளினிலுள்ள லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்துக்கு நான்கு ஆண்டுகள் ஆடினார். 2011, 2012, 2013 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அந்தக் குழு தன் வட்டாரத்தில் வாகை சூடியது. அவர் கொடுத்த பந்தை வாங்கி உடனே மற்றவர் போட்டு எடுத்த கூடைகள், நான்கு ஆண்டுகளில் 1,009! இதற்கு 'அசிஸ்ட்' என்று பெயர். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தின் முதல் பிரிவில் ஆயிரத்தைத் தொட்ட நான்காவது ஆட்டக்காரர் அவர். கடைசி ஆண்டில், ஆட்டத்துக்குச் சராசரி பத்து வீதம் கொடுத்து, நாட்டிலேயே முதலாவதாக நின்றார்.

இத்தனையும் செய்தவருக்கு என்ன கிடைத்தது? 2014இல் அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்குக்கு அறுபது பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பெயர் அதில் இல்லை. பிழைப்புக்குக் கடல் கடக்க வேண்டியதாயிற்று. ஆசியான் லீக்கில் தென்கிழக்காசிய வழிவந்தவர்களுக்கென்று இடம் ஒதுக்கியிருந்தார்கள். தாய்வழி உறவு அவருக்குச் சோறு போட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். இப்படித்தான் டெக்சஸ்காரர் ஒருவர் நம் கிள்ளான் துறைமுகத்தின் பெயர் தாங்கிய சட்டையைப் போட்டார்.

அந்த 2016இல், ஏரியல் வான்கார்டியா என்ற பயிற்சியாளரின் கீழ், சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் குழுவை இறுதிச் சுற்றில் மூன்றுக்கு இரண்டு என்று வென்று டிராகன்ஸ் வாகை சூடியது. பிறகு அவர் தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், தைவான் என்று குழு மாறிப் போனார். ஒப்பந்தம் முடிந்தால் பெட்டி கட்ட வேண்டும். தோட்டம் விட்டுத் தோட்டம் போன குடும்பங்களில் வந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆட்டம் பார்த்த அடுத்த வாரமே அந்தப் பையனின் லயத்து வீட்டுக்குப் போனேன். அம்மா அப்போதுதான் வேலைக்காட்டிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

"எங்க டீச்சர், அவன் இப்ப பந்தையே தொடறதில்ல. டீச்சரே குள்ளம்னு சொல்லிட்டாங்களாம். பந்தைத் தம்பிக்குக் குடுத்துட்டான்."

அவர் குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னார். எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. பையன் உள்ளேயிருந்து வந்து நின்றான். அவன் அம்மா எதிரிலேயே, "நான் சொன்னது தப்புப்பா" என்றேன். தாய்க்குத்தான் சங்கடம். "அய்யோ, டீச்சர் போய் அப்படிச் சொல்லலாமா!" என்று பதறிக் காப்பி போடப் போய்விட்டார்.

மாபாவில் பார்த்ததை அவனுக்குச் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி:

"அவரு எவ்வளவு உயரம் டீச்சர்?"

"ஆறடிக்குக் கொஞ்சம் குறைச்சல்."

"அப்போ என்னைவிட ரொம்ப உயரம்தானே!"

இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவன் சிரித்தான். காப்பி குடித்து முடிப்பதற்குள், தம்பியிடமிருந்து பந்தை வாங்கி வாசலில் தட்டிக்கொண்டிருந்தான்.

அவன் பெரிய ஆட்டக்காரன் ஆகவில்லை. இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவத்தில் குழுவில் சேர்ந்தான். பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார வைத்தார்களாம். இப்போது ஷா ஆலாமில் ஒரு கிடங்கில் வேலை. போன தீபாவளிக்கு முறுக்கு எடுத்துக்கொண்டு வந்தான். சனிக்கிழமை மாலையில் சீனக் கூட்டாளிகளோடு ஆடுகிறானாம். "எத்தனை போடுவே?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். பழைய புத்தி! "அதை எண்றதில்ல டீச்சர்" என்றான்.

எங்கள் பள்ளியின் விளையாட்டுக் கணக்குப் புத்தகத்தில் 'போட்டவர்' என்ற பத்திக்குப் பக்கத்தில் 2016இலிருந்து 'கொடுத்தவர்' என்று இன்னொரு பத்தி கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஓரத்தில் ஒரு மாணவி உட்கார்ந்து எண்ணி எழுதுகிறாள். 2015ஆம் ஆண்டுப் பக்கத்தில் அந்தப் பத்தி இல்லை. அவன் பெயருக்கு நேரே 2 என்று மட்டும் என் கையெழுத்தில் இருக்கிறது. அன்று அவன் எத்தனை கொடுத்தான் என்று யாரும் எண்ணவில்லை.